பதினெட்டுச் சோடிச் சப்பாத்தின் கணக்கு

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், கண்டாவளையில் கற்பிக்கும் பழைய மாணவிகள் மூவரின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நாங்கள் மூன்று பேர். இந்தக் கல்லூரி விடுதியில் ஒரே மண்டபத்தில் மூன்று கட்டில் தள்ளித் தள்ளிப் படுத்தவர்கள். பட்டம் முடிந்து, நியமனக் கடிதம் வந்தபோது மூவருக்கும் வன்னி என்றிருந்தது. சுற்றிச் சுழன்று கடைசியில் மூவரும் கண்டாவளைக் கோட்டத்துப் பாடசாலை ஒன்றில் சேர்ந்தோம். ஒருவர் கணிதம், ஒருவர் சைவசமயம், ஒருவர் மனைப்பொருளியல். மேடையில் ஒருவர்தான் வாசிக்கிறோம். எழுதியது மூவரும். பிழை இருந்தால் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

2018ஆம் ஆண்டு நடுப்பகுதியில் இந்தச் சங்கம் எங்கள் பாடசாலைப் பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணிக்குப் பதினெட்டுச் சோடிச் சப்பாத்து அனுப்பியது. அதற்கு நன்றிக் கடிதம் எழுதினோம். கணக்கு எழுதவில்லை. நூற்றாண்டு மலருக்காகச் செயற்குழு எங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தது: "பிள்ளைகள் வென்றார்களா?" ஒரு சொல்லில் பதில் சொல்லலாம். இல்லை. அந்த ஒரு சொல்லை எழுதி அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்த உரை.

கண்டாவளையை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியில் ஆனையிறவு தாண்டி வந்தால் பரந்தன் சந்தி. அங்கே முல்லைத்தீவு வீதியில் திரும்பினால் முரசுமோட்டை. அதற்கப்பால் உள்ளே போனால் கண்டாவளை. ஒரு பக்கம் வயல், மறு பக்கம் களப்பு. இரணைமடுவில் திறக்கும் தண்ணீர் கனகராயன் ஆற்றோடு இறங்கி எங்கள் பக்கமாகத்தான் கடலைத் தேடிப் போகும். நல்ல மழை பெய்த வருடம் எங்களுக்கு நெல்லும் உண்டு, வெள்ளமும் உண்டு. புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலுக்கு வந்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அந்த வீதியால் 2009ஆம் ஆண்டு தையில் நடந்தவர்களும் இருப்பீர்கள்.

எங்கள் அணியின் பிள்ளைகள் அந்த நடையில் ஐந்து, ஆறு வயதுக்காரர். பிறந்தது 2002க்கும் 2004க்கும் இடையில், சமாதானம் என்று எல்லோரும் பெயர் வைத்திருந்த காலத்தில். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று தூக்கிச் செல்லப்பட்டு, செட்டிகுளம் முகாம்களில் இருந்து, பிறகு தகரக் கொட்டிலுக்குத் திரும்பி வந்தவர்கள். இதைச் சொல்வது இரக்கம் தேடி இல்லை. அந்த வயதில் அவ்வளவு தூரம் நடந்த கால்கள் பதினைந்து வயதில் எப்படி ஓடும் என்பதை நாங்கள் மைதானத்தில் பார்த்தோம். களைப்பு என்ற சொல்லே அவர்களிடம் இல்லை.

அணி எப்படித் தொடங்கியது என்று கேட்பீர்கள். நாங்கள் தொடங்கவில்லை. அறுவடை முடிந்த வயலில் பொடியன்கள் பந்தடிக்கும்போது வரம்பில் நின்று பந்து பொறுக்கிக் கொடுத்த பிள்ளைகள், ஒருநாள் பந்தைத் திருப்பிக் கொடுக்காமல் தாங்களே கொண்டு ஓடினார்கள். அவ்வளவுதான் ஆரம்பம். அப்போது பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியர் இல்லை. அதிபர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். கலியாணம் ஆகாத, பின்னேரம் வீட்டில் பிள்ளை அழாத ஆசிரியைமார் நாங்கள் மூவர்தான். பொறுப்பாசிரியர் என்று பெயர் எழுதிவிட்டார்.

எங்களுக்கு என்ன தெரியும்? இந்தக் கல்லூரி எங்களுக்கு வலைப்பந்தாட்டம் பழக்கியது. பந்தோடு இரண்டடிக்கு மேல் ஓடக்கூடாது, ஆளை முட்டக்கூடாது, கோட்டைத் தாண்டக்கூடாது. அந்த ஆட்டத்தைக் குறைவாகச் சொல்லவில்லை. புன்னாலைக்கட்டுவன் பக்கத்திலிருந்து போன தர்ஜினி சிவலிங்கம் 2018இல் இலங்கைக்கு ஆசியக் கிண்ணத்தை வென்று வந்தது வலைப்பந்தாட்டத்தில்தான். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் வகுப்புகளில் பாடம் நடக்கவில்லை. ஆனாலும் ஓடக்கூடாது என்று பழகிய மூன்று பேர், ஓடு என்று கத்துவதற்கு முதலில் எங்கள் தொண்டையைப் பழக்க வேண்டியிருந்தது. ஓஃப்சைட் விதியைக் கணித ரீச்சர் கரும்பலகையில் கோடு கீறி விளக்கினார். பிள்ளைகள் விளங்கிக்கொண்டார்கள். எங்களில் ஒருவருக்கு இன்றும் அது முழுதாக விளங்கவில்லை. யார் என்று சொல்லமாட்டோம்.

பிள்ளைகளுக்குத் துணிவு வர நாங்கள் கதைகள் சொல்வோம். தூரத்துக் கதையாக இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரத்து டிக் கேர் தொழிற்சாலைப் பெண்களின் கதை. 1920 டிசெம்பரில், நத்தாருக்கு மறுநாள், லிவர்பூல் நகரில் அவர்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருடமே, 1921 டிசெம்பர் 5ஆம் திகதி, பெண்களுக்கு உதைபந்தாட்டம் பொருந்தாது என்று சொல்லி அந்நாட்டுச் சங்கம் தன் மைதானங்களை அவர்களுக்கு மூடிவிட்டது. திறக்க ஐம்பது வருடமானது. இந்தக் கதையைக் கேட்ட ஒருத்தி, "அப்ப அவையளுக்கும் அம்மம்மா இருந்திருக்கிறா" என்றாள். வீட்டில் அம்மம்மாதான் காற்சட்டை போட விடவில்லையாம்.

கிட்டத்துக் கதை தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி. 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை தொடங்கிய பாடசாலை. 1990இல் ஊரோடு இடம்பெயர்ந்து, வருடக்கணக்கில் வேற்றிடத்தில் நடந்து, பிறகு சொந்த மண்ணுக்குத் திரும்பியது. அதன் பெண்கள் அணி அகில இலங்கைப் பாடசாலைகள் மட்டத்தில் பல தடவை சம்பியனாக வந்திருக்கிறது. சொந்த மைதானத்தை இழந்த பாடசாலை ஒன்று இலங்கை முழுவதையும் வெல்லும் என்றால், எங்களுக்கு என்ன குறை என்று கேட்போம். பிள்ளைகள் குறைகளை ஒன்றொன்றாகச் சொல்வார்கள். முதலாவது சப்பாத்து. அதைத்தான் உங்களுக்கு எழுதினோம்.

சப்பாத்துப் பெட்டிகள் வந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெருஞ்சி முள்ளுக்குள் வெறுங்காலோடு ஓடிய பிள்ளைகள், அடியில் குமிழ் வைத்த சப்பாத்தைப் போட்டு எழும்பி நின்றபோது கோழிக்குஞ்சு மாதிரித் தடுமாறினார்கள். அளவு கேட்டு நாங்கள்தான் பட்டியல் அனுப்பியிருந்தோம். அதில் ஒரு இலக்கத்தைத் தலைகீழாக எழுதியதும் நாங்கள்தான். ஆறு என்பது ஒன்பதாகப் போய்ச் சேர்ந்தது. அந்த ஒன்பதாம் இலக்கச் சோடியைக் கோல் காப்பாளர் இரண்டு காலுறைக்கு மேல் போட்டு முன்னுக்குப் பஞ்சு அடைத்து நின்றாள். முதற்கிழமை எல்லோருக்கும் சப்பாத்துக் கடி. குதிக்காலில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு வகுப்பில் இருந்தார்கள். ஒருத்தியும் வேண்டாம் என்று கழற்றவில்லை.

2019 பருவம்தான் எங்கள் பருவம் என்று முடிவு செய்திருந்தோம். அணியில் பாதிப்பேருக்கு வயதுப் பிரிவில் அதுதான் கடைசி வருடம். நான்காம் இலக்கக்காரி பின்களத்தில் மதில். ஏழாம் இலக்கக்காரி முன்களத்தில் காற்று. அவர்களின் பெயர்களைச் சொல்லாமல் இலக்கத்தைச் சொல்கிறோம். அவர்களிடம் கேட்டபோது அப்படித்தான் விரும்பினார்கள்.

முதலில் வெள்ளம் வந்தது. 2018 டிசெம்பர் 21, 22ஆம் திகதிகளில் பெய்த மழையை வன்னியில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். இரணைமடு வான் கதவுகள் திறந்தன. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீருக்குள் நின்றன. எங்கள் பகுதியில் சனம் பாடசாலைகளிலும் கோயில்களிலும் இருந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த நாங்கள் திரும்பி வந்தபோது விளையாட்டு அறை அலுமாரியின் கீழ்த்தட்டு சேற்றால் நிறைந்திருந்தது. சப்பாத்தெல்லாம் கீழ்த்தட்டில். மேல்தட்டில் நாங்கள் பத்திரமாக வைத்திருந்தது பழைய பரீட்சைத் தாள்கள். ஆசிரியர் புத்தி அப்படி.

பிள்ளைகளின் வீடுகளிலும் சேறு. கதிர் தள்ளும் காலத்து வயல் அழுகிப் போன வீடுகளும் இருந்தன. அதற்குள் அவர்கள் வந்து சப்பாத்துகளைக் கழுவி வேலிக் கம்பியில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். தை வெயிலில் மூன்று சோடியின் அடி கழன்று விழுந்தது. பதினைந்து மிஞ்சியது. மைதானம் காய மாசி பிறந்தது. அந்தக் காலத்தில் பிள்ளைகள் வீட்டில் வேலைக்கு நிற்க வேண்டியிருந்ததால் பயிற்சிக்கு ஒருநாள் ஆறு பேர், ஒருநாள் பதினாறு பேர். பங்குனியில்தான் முழு அணியும் சேர்ந்தது. சித்திரை விடுமுறை முடிந்ததும் நாள்தோறும் பயிற்சி என்று அட்டவணை எழுதி ஒட்டினோம்.

அந்த விடுமுறையின் கடைசி ஞாயிறு, ஏப்ரில் 21. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250க்கும் அதிகமானோர் இறந்தார்கள். மறுநாள் தொடங்கவிருந்த தவணை தள்ளிப் போனது. மே 6ஆம் திகதி ஆறாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்குப் பாடசாலை திறந்தபோது வாசலில் புத்தகப் பையைச் சோதித்தார்கள். வீதிச் சோதனைகளும் திரும்ப வந்துவிட்டன. பத்து வருடத்துக்குப் பிறகு அதைப் பார்த்த தாய்மாரின் முகம் எங்களுக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. பாடசாலை விட்டால் நேரே வீடு. பின்னேரப் பயிற்சி என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த மே மாதம் நடுவில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. என்ற பெண்கள் அணி, மே 14ஆம் திகதி லூதியானாவில் மணிப்பூர் பொலிஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் கிண்ணத்தைத் தூக்கியது. அதில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பிள்ளை. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை அடித்த கரை அது. மணிப்பூரார் பந்தாட்டத்தில் என்ன பெயர் எடுத்தவர்கள் என்பது பந்தாட்டம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு தகப்பனின் கைபேசியில் அந்த ஆட்டத்தின் துண்டுகளைப் பிள்ளைகள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "அவையள் தமிழிலையே ரீச்சர் கத்துகினம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

நாங்கள் வீடு வீடாகப் போனோம். மாலை பயிற்சிக்குப் பதிலாகக் காலை ஆறரைக்குப் பயிற்சி என்று பேசினோம். தேநீரும் மரவள்ளிக்கிழங்கும் தந்து கேட்டார்கள். சரி என்றார்கள். எல்லாத் தகப்பன்மாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனால் எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விடுவீர்கள்? ஆறு மணிக்கு என்றோம். எல்லா வீட்டிலும் ஆறு மணி என்றுதான் சொன்னோம். அதை நினைவில் வைத்திருங்கள்.

வலய மட்டப் போட்டியில் பிள்ளைகள் ஆடியதைப் பார்க்க நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். இறுதியாட்டத்தில் இடைவேளைவரை கோல் இல்லை. தோடம்பழத் துண்டைச் சப்பிக்கொண்டு ஏழாம் இலக்கக்காரி, "அந்தப் பின்னுக்கு நிக்கிற அக்கா இடக்காலாலை அடிக்கமாட்டா, அந்தப் பக்கத்தாலை போறன்" என்றாள். எங்களுக்கு அது தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பக்கத்தால்தான் போனாள். ஒரே கோல், வென்றோம். லான்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏறி ஊர் சுற்றினார்கள். வெடி கொளுத்தலாமா என்று கேட்டார்கள். அந்தச் சித்திரைக்குப் பிறகு வெடிச் சத்தம் வேண்டாம் என்று நாங்கள் தடுத்துவிட்டோம். பதிலுக்குத் தகரத்தில் தட்டினார்கள். அதே நாட்களில் பிரான்சில் பெண்களுக்கான உலகக் கிண்ணம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களும் அதன் ஒரு மூலையில் ஆடுவதாகத்தான் எண்ணம்.

மாகாணப் போட்டிக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும்போது அடுத்த இடி. பிறப்புச் சான்றிதழ் மூலப்பிரதி வேண்டும். 2009இல் கையில் எடுத்துப் போன பைகளில் எது மிஞ்சியது, எது மிஞ்சவில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பலருக்குப் பிற்பாடு நடமாடும் சேவைகளில் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தார்கள். எங்கள் நான்காம் இலக்கக்காரியிடம் இருந்தது உத்தேச வயதுச் சான்றிதழ். அதிலிருந்த திகதிக்கும் பாடசாலைப் பதிவுக்கும் மூன்று மாத வித்தியாசம். அந்த மூன்று மாதம் அவளை வயதெல்லைக்கு வெளியே தள்ளியது. நாங்கள் ஓடித் திரிந்தோம், பலிக்கவில்லை. அவள் அழவில்லை. தண்ணீர்ப் போத்தல் தூக்கிக்கொண்டு கூட வந்தாள். தாய் பிள்ளை பெற்ற நாளை மறக்கமாட்டாள் என்பார்கள். தாய் இருந்தால் கேட்டிருக்கலாம்.

மதில் இல்லாமல் யாழ்ப்பாணம் போனோம். பரந்தனிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீற்றர். விடிய நான்கு மணிக்கு வாகனம். மைதானத்தில் பெண்பிள்ளைகள் உடை மாற்ற ஒரு அறை இல்லை. வாகனத்தின் யன்னல்களுக்குச் சேலை கட்டி அதற்குள் மாற்றினார்கள். எந்த மைதானத்திலும் அப்படித்தான் இருந்தது, ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

காலை ஆட்டம் சமநிலை. சமநிலை தவிர்ப்பு உதையில் எங்கள் கோல் காப்பாளர் ஒன்பதாம் இலக்கச் சப்பாத்தோடு இரண்டு பந்தைத் தடுத்தாள். ஒன்றைத் தடுத்தது அவளின் காலா, சப்பாத்தின் பஞ்சு அடைத்த முனையா என்று இன்றுவரை வழக்கு இருக்கிறது. அரையிறுதிக்கு வந்துவிட்டோம். மாகாணத்தில் கடைசி நால்வரில் நாங்கள்! எங்கள் மூவருக்கும் தலை கால் தெரியவில்லை. மைதானக் கரையில் நின்று தேசியப் போட்டிக்குத் தெற்கே போக எத்தனை நாள் லீவு எடுக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பின்னேரம் எதிரில் வந்தது தேசிய மட்டத்தில் ஆடிப் பழகிய அணி. நான்கு கோல். இதில் சொல்ல அதிகம் இல்லை. அவர்கள் எங்களைவிட நல்ல அணி. நான்காம் இலக்கக்காரி நின்றிருந்தால் இரண்டாகியிருக்கும், அவ்வளவுதான். எங்கள் பிள்ளைகள் தோற்றதும் நடுவரிடம் சண்டைக்குப் போகவில்லை, எதிரணிப் பிள்ளைகளிடம் போய் எப்படிப் பழகுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். மறுநாள் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் இருந்தது. வென்றால் மாகாணச் சான்றிதழ். நேர்முகப் பரீட்சைகளில் எடுத்து நீட்டக்கூடிய கடதாசி. எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

திரும்பும்போது வாகனம் ஆனையிறவுக்குக் கிட்ட நின்றுவிட்டது. உப்பு வெளிக்கு நடுவில் நின்றோம். சாரதி கீழே படுத்து என்னவோ செய்தார். நாங்கள் தொலைபேசியில் வேறு வாகனம் தேடினோம். ஆறு மணி போனது. ஏழு போனது. ஒவ்வொரு வீட்டுக்கும் எடுத்துச் சொன்னோம். சிலருக்கு இணைப்புக் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. சந்தியில் வந்து இறங்கியபோது இரவு பத்தரை. தகப்பன்மார் ரோர்ச் வெளிச்சத்தோடு நின்றார்கள். தாய்மாரும் வந்து நின்றார்கள். ஒருவரும் எங்களை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஏழாம் இலக்கக்காரியின் தகப்பன் மகளின் பையை வாங்கிச் சைக்கிள் கரியரில் வைத்துவிட்டுத் திரும்பிச் சொன்னார்:

"ரீச்சர், ஆறு மணிக்கு எண்டுதானே சொன்னனீங்கள்."

பிள்ளை வீட்டுக்கு வந்து சேராத மாலைகளை அந்தச் சனம் வேறு ஒரு காலத்தில் கண்டிருக்கிறது. அதை நாங்கள் யோசித்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த நாங்கள் ஆறு மணி என்பதை ஒரு நேரமாகச் சொன்னோம். அவர்கள் அதை ஒரு சத்தியமாக எடுத்திருந்தார்கள்.

மறுநாள் விடிய சந்திக்கு வந்தது ஒன்பது பேர். ஏழு பேர் இருந்தால் ஆடலாம் என்று விதி இருப்பதால் ஆடினோம். ஒன்பது பேர் பதினொரு பேரோடு தொண்ணூறு நிமிடம் ஓடியது போலத்தான் எங்களுக்குத் தெரிந்தது, பாடசாலை ஆட்டம் அதைவிடக் குறைந்த நேரம் என்றாலும். மூன்று கோல் வாங்கித் தோற்றோம். கடைசி நிமிடம்வரை பந்தைத் துரத்தினார்கள். ஏழாம் இலக்கச் சட்டை மடித்தபடி பைக்குள் இருந்தது.

பருவம் அங்கே முடிந்தது. 2020 தையில் புதிய பிள்ளைகளோடு திரும்பத் தொடங்கினோம். தகப்பன்மாரிடம் திரும்பப் போனோம். சிலர் சம்மதித்தார்கள். மார்ச் மாதம் கொரோனாவால் பாடசாலைகள் பூட்டப்பட்டன. அடுத்த இரண்டு வருடத்தில் பாடசாலை திறந்த நாளைவிட மூடியிருந்த நாளே கூட என்று தோன்றும். 2022இல் பெற்றோல் இல்லை. யூன் கடைசியில் ஒரு லீற்றர் 470 ரூபா, அதுவும் அத்தியாவசிய சேவைக்கு மட்டும். எங்கள் மூவருக்கும் ஒரு ஸ்கூட்டர்தான் ஓடியது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். சப்பாத்து வளரவில்லை.

ஏழாம் இலக்கக்காரி 2019 டிசெம்பரில் சாதாரண தரம் எழுதினாள். பெறுபேறு வந்தது, கணிதம் போய்விட்டது. கணித ரீச்சருக்கு அது இன்னும் ஆறவில்லை. இப்போது அவள் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். போன வருடம் ஒருநாள் விடிய வீதியில் கண்டோம். தொழிற்சாலை பஸ் அவள் வீட்டு ஒழுங்கை முகப்பில் வந்து நின்றது. ஏறிப் போனாள். இரவு அதே பஸ் அதே இடத்தில் கொண்டுவந்து இறக்கும். இருட்டிய பிறகுதான் இறக்கும். தகப்பன் சந்தியில் ரோர்ச்சோடு நிற்பதில்லை.

அன்று எங்கள் மூவருக்கும் ஒரு விஷயம் உறைத்தது. நாங்கள் இவ்வளவு காலமும் தகப்பன்மார் இருட்டுக்குப் பயந்தார்கள், காற்சட்டைக்குப் பயந்தார்கள், ஊர்வாய்க்குப் பயந்தார்கள் என்று நினைத்திருந்தோம். உங்களுக்கு எழுதிய கடிதங்களிலும் அப்படித்தான் எழுதினோம், "சமூக மனப்பாங்கு" என்று ஒரு சொல்லும் போட்டு. அந்தத் தகப்பன் பார்த்தது ஒன்றைத்தான்: சொன்ன நேரத்துக்கு, சொன்ன இடத்தில், பிள்ளையைக் கொண்டுவந்து விடும் வாகனம் இருக்கிறதா. தொழிற்சாலையிடம் இருந்தது. எங்களிடம் இல்லை.

இனிக் கணக்கு. பதினெட்டுச் சோடியில் வெள்ளத்தில் அடி கழன்றவை மூன்று. பாடசாலையை விட்டுப் போன பிள்ளைகள் கேட்டு எடுத்துச் சென்றவை நான்கு. அதில் ஒன்று கோல் காப்பாளரின் ஒன்பதாம் இலக்கம். அவளுக்கு இப்போது அது அளவாக இருக்கிறதாம், நம்பவில்லை. இன்றைய அணியின் கால்களில் இருப்பவை எட்டு. அலுமாரியில் மூன்று. மேல்தட்டில் வைத்திருக்கிறோம். அந்த மூன்றில் ஒரு சோடியை ஏழாம் இலக்கக்காரி தங்கையின் கையில் திருப்பி அனுப்பியிருந்தாள். கழுவி, நாடாவைக் கழற்றித் தனியாகத் தோய்த்து, திரும்பக் கோத்து அனுப்பியிருந்தாள். தங்கை எட்டாம் வகுப்பு. இன்னும் இரண்டு வருடத்தில் அளவு சரிவரும்.

நான்காம் இலக்கக்காரியைப் பற்றியும் கேட்பீர்கள். அவள் சனிக்கிழமைகளில் வந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பின்களம் பழக்குகிறாள். சம்பளம் இல்லை. சாப்பாடு எங்கள் மூவரில் ஒருவருடைய முறை.

செயற்குழு இந்த முறையும் சப்பாத்து அனுப்பவா என்று கேட்டது. வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் கேட்பதானால் வேறொன்றைக் கேட்கிறோம். போட்டி நாட்களுக்கு நம்பகமான ஒரு வாகனம், ஒரு தவணைக்கு நான்கைந்து நாள், முற்கூட்டியே காசு கட்டி ஒழுங்கு செய்தது. பழுதானால் மாற்று வாகனம் அனுப்புவோம் என்று எழுதிக் கொடுக்கிற ஆளிடம் பிடிக்க வேண்டும். அப்படி ஒருவர் பரந்தனில் இருக்கிறார், விலை பேசி வைத்திருக்கிறோம், கடிதத்தைத் தலைவியிடம் கொடுத்திருக்கிறோம். அடுத்த வலயப் போட்டிக்கு முன் பதில் கிடைத்தால், இந்தத் தடவை நாங்கள் வீடு வீடாகப் போகும்போது அந்தக் கடதாசியையும் கொண்டுபோவோம்.

நேரம் கடந்துவிட்டது, தலைவி மணியைப் பார்க்கிறார். எங்களுக்கும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நாளை காலை ஆறரைக்குப் பயிற்சி.